குறையாத கூலண்ட்

மூக்கருக்கு மூக்குதான் பிழைப்பு. சோப்புத் தொழிற்சாலையில் புதிதாக வரும் ஒவ்வொரு கட்டியையும் முகர்ந்து பார்த்து, ‘சரி’ என்றோ ‘ரோஜா தூக்கல்’ என்றோ எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதரின் காருக்குள் ஒரு வாசனை வந்தால் அவர் சும்மா இருப்பாரா?

ஒரு சனிக்கிழமை காலை காய்கறி வாங்கப் போகும் வழியில் அது வந்தது. சர்க்கரைப் பாகு அடிப்பிடித்த மாதிரி, லேசாக, தித்திப்பாக. மூக்கர் கையைத் தூக்கி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள். அன்றிலிருந்து மூக்கரின் அப்பா, அதாவது அவள் மாமனார், அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

“உனக்கு ஏதாவது வாசனை வருதா?”

“இல்லையே,” என்றாள் டிரைவரம்மா.

வந்தது. மூன்று நாளாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் போன வருடம் பிரேக் மக்கர் பண்ணியபோது மூக்கர் ஒரு விரலை நீட்டி, “இன்னொரு தடவை இது தகராறு பண்ணட்டும், நேரா பழைய இரும்புக் கடைதான்” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஃபிரிட்ஜ், தையல் மெஷின், பிடி மட்டும் ஆடிய ஒரு நல்ல குடை எல்லாம் அந்தக் கடைக்குத்தான் போயின.

மற்றவர்களுக்குக் கார் போனால் கார் மட்டும்தான் போகும். டிரைவரம்மாவுக்கு வேலையும் சேர்ந்து போகும். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் சம்பளம். பதினெட்டுக் கிலோமீட்டர் தூரம், காலை ஆறு மணிக்கு ஷிப்ட், முதல் பஸ்ஸோ ஏழு மணிக்கு. அங்கே பதினொரு பெண்கள் அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்கும் உத்தேசம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

மூக்கர் விட்டேனா பார் என்று கிளம்பிவிட்டார். காரின் நாலு சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து கண்ணை மூடி முகர்ந்தார். தரைவிரிப்பில் மூக்கை வைத்து முழங்காலில் ஊர்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டு, தானும் கொஞ்ச நேரம் தேடிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமனாரின் இருமல் மருந்துமேல் ஒரு நாள் பழி விழுந்தது. டிரைவரம்மாவின் கைப்பைமேல் மறுநாள் விழுந்தது. வண்டிக்கு அடியில் விரித்த பழைய பேப்பரில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

கடைசியில் பானெட்டைத் திறந்தார். என்ஜினைச் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் பச்சை நிறக் கூலண்ட் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறதே, அதன் மூடியைத் திறந்து முகர்ந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதே வாசனை! உடனே டப்பாவின்மேல் ஒரு பேனாக் கோடு போட்டார். ஒரு நோட்டும் போட்டார். இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார்.

“ஒரு விரல் எறங்கியிருக்கு. எங்கேயோ ஒழுகுது. இன்னும் ஆறு வாரம் பாக்கப்போறேன். எறங்கிக்கிட்டே போச்சுன்னா இரும்புக் கடைதான். அதுவரைக்கும் என் நோட்டுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கக் கூடாது.”

“ஏன்டா?” என்றார் மாமனார்.

“எங்க ஃபேக்டரியில அப்படித்தாம்பா. ஒருத்தர் முகர்ந்து பாத்ததை, எல்லாரும் எழுதி முடிக்கிற வரைக்கும் வெளிய சொல்லவே மாட்டோம். சொன்னா அடுத்தவன் மூக்கு கெட்டுப்போயிடும்.”

டிரைவரம்மா சாப்பிட்டபடியே கணக்குப் போட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு விரல் என்றால் வாரத்துக்கு அரை விரல். அளவு தெரிந்தால் போதாதா? அளப்பதுதானே அவள் தொழில்! சலவைக்கூடத்தில் சோப்புத் திரவம் அளக்கும் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதே பச்சைக் கூலண்டில் ஒரு டப்பா வாங்கி, டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது, என்ஜின் ஆறிக் கிடக்கும் நேரத்தில், இருட்டில் கையால் தடவித் திறந்து அரை விரலுக்குச் சரியாக ஒரு மூடி ஊற்றினாள். விளக்கைப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து மூக்கரிடம் சொல்லிவிடுவார். அதனால் மட்டத்தை ஒரு நாளும் அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தாள்.

சனிக்கிழமைதோறும் மூக்கர் பானெட்டைத் திறந்து, பார்த்து, எழுதினார். நோட்டை மூடும்போது ஒவ்வொரு வாரமும் அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் கூடிக்கொண்டே போனது. வாசனை மட்டும் போகவேயில்லை. அவர் வாயைத் திறக்காதவரை கார் பிழைத்தது என்று டிரைவரம்மா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

எட்டாவது வாரம், நோட்டை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று மூக்கர் கிளம்ப, மூவரும் ஒர்க் ஷாப்புக்குப் போனார்கள். மாமனாருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகிற வழியில் கேரம் கிளப்பில் இறக்கிவிடுவார்கள் என்று ஏறியவரை, திரும்பும்போது விடுகிறோம் என்று மூக்கர் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மெக்கானிக் பெரிய உடம்புக்காரன், சின்னக் குரல்காரன். வண்டிக்காரர்கள் சொல்வதில் பாதியைத்தான் நம்புவான். நேற்றுதான் சத்தம் வந்தது என்றால் ஒரு வருடமாக வருகிறது என்று எடுத்துக்கொள்வான். ஆனால் மூக்கர் நோட்டை நீட்டியதும் அவன் ஆடிப்போய்விட்டான். தேதி, நேரம், மட்டம், வாசனை லேசா கனமா என்பதுவரை அத்தனையும் மணிமணியான கையெழுத்தில் இருந்தது.

“சார், இத்தனை வருஷத்துல இப்படி எழுதிவச்ச ஆளை நான் பாத்ததே இல்லை.” பக்கத்தைப் புரட்டினான். இன்னொரு தடவை புரட்டினான். “ஆனா, என்ன சார் இது? மூணாவது வாரத்துலேர்ந்து ஏறிக்கிட்டே போகுது?”

“அதுதான் எனக்கும் தலையும் புரியலை, வாலும் புரியலை. ஆறு வாரத்துல மூணு விரல் ஏறியிருக்கு. நிறமும் வெளுத்துக்கிட்டு வருது.”

ஏறுகிறதா! டிரைவரம்மா திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் மாமனாரும் ஏனோ மேலே கூரையைப் பார்த்தார்.

மெக்கானிக்கின் முகம் டாக்டர் முகமாகிவிட்டது. வண்டிக்குள் கையை விடுவதற்கு முன்னாலேயே தீர்ப்பைச் சொன்னான். “என்ஜினுக்குள்ள காத்து கசியாம அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருந்தா இப்படித்தான் சார். உள்ளேயிருந்து காத்து பூந்து தண்ணியை மேல தள்ளும். வழக்கமா சோதிச்சுப் பாக்காம சொல்ல மாட்டேன். ஆனா இவ்வளவு சுத்தமா எழுதிவச்சிருக்கீங்க, இதுக்குமேல என்ன சோதனை? என்ஜினையே எறக்கணும். இந்த வயசான வண்டிக்கு அது எதுக்கு?”

“அப்ப இரும்புக் கடைதானா?”

“இரும்புக்காரர் மத்தியானம் இந்தப் பக்கம் வருவார். நிறுத்திட்டுப் போறதுன்னா போங்க.”

“வரச் சொல்லுங்க,” என்றார் மூக்கர். அவருக்கும் வருத்தம்தான், பாவம். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

 டிரைவரம்மா வாயைத் திறந்தால் ஆறு வாரக் குட்டு வெளிப்பட்டுவிடும். திறக்காவிட்டால் மத்தியானத்தோடு எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்கு அந்தப் பதினொரு பெண்களும் இன்னொருத்தியை மேடம் என்று கூப்பிடுவார்கள். அதை நினைத்ததும் பயமெல்லாம் பறந்து, கோபம்தான் வந்தது.

“கேஸ்கெட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான் ஊத்தினேன்!”

ஒர்க் ஷாப்பில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

“என்னது?” என்றார் மூக்கர்.

“கூலண்ட். வாரா வாரம் வெள்ளிக்கிழமை. ஒரு மூடி.”

மூக்கர் நோட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். “ஆறு வாரம்,” என்றார் ஈனஸ்வரத்தில். “ஆறு வாரம் உக்காந்து எழுதினேனேடி!”

மெக்கானிக்தான் சுதாரித்துக்கொண்டான். “இருங்க அக்கா. ஒரு மூடின்னா எவ்வளவு?”

“வாரத்துக்கு எவ்வளவு எறங்குச்சோ சரியா அவ்வளவு. நான் அளந்தா ஒரு சொட்டு கூடாது, குறையாது.”

“அப்ப மட்டம் அப்படியே நின்னிருக்கணுமே! வாரம் அரை விரல் எப்படி ஏறும்?”

 மாமனார் தொண்டையைக் கனைத்தார். இரும்புக் கடைக்குப் போகப்போகிற குடையைப் போல அவர் ஒடுங்கி நின்றிருந்தார்.

“நானும் கொஞ்சம் ஊத்தினேன்.”

“அப்பா!”

“தண்ணிதான்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம், டிரைவரம்மா தூங்குற நேரத்துல, என் குடிக்கிற பாட்டில்லேர்ந்து. காரை நீ வித்துட்டா என்னைக் கிளப்புக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீயா? போன தடவை நீ கூட்டிட்டுப் போனப்ப, என் கேரம் பவுடரை முகர்ந்து பாத்து மட்டம்னு சொல்லி, கிளப்பு மொத்தத்துக்கும் சண்டை மூட்டிவிட்டே!”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினான். அவனுக்கும் கொஞ்சம் வெட்கம்தான். எழுத்தை நம்பிப் பழக்கத்தை விட்டுவிட்டோமே என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி, ஒரு கைப்பம்பை டப்பாவின் வாயில் மாட்டிக் காற்றடித்தான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குனிந்தார்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, காருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளிப் ஓரத்தில், கடுகளவு பச்சைத் துளி ஒன்று மெல்லப் பிதுங்கி வந்தது.

“இதான் சார். சூடான என்ஜின் மேல விழுந்து ஆவியாப் போயிடுது. கீழ சொட்டாது. அந்த ஆவி காத்து வர்ற வழியா உள்ள வந்து வாசனை காட்டுது. துருப்புடிச்ச கிளிப்பு. பத்து நிமிஷ வேலை.”

மூக்கர் அந்தத் துளியை முகரவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வித்துடுவேன்னுதானே சொன்னீங்க? அப்புறம் நான் வேலைக்கு எப்படிப் போறது?”

“காரைத்தானே விக்கிறேன்னேன். வேலையை விடுன்னா சொன்னேன்? பஸ்ல போகலாமே!”

“ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஏழு மணி பஸ்ஸா?”

மூக்கர் நிமிர்ந்து பார்த்தார். “ஆறு மணியா? நீ எட்டு மணிக்குப் போறேன்னுல்ல நினைச்சேன்!”

“எட்டு மணிக்கு நீங்க எழுந்திரிக்கிறீங்க,” என்றாள் டிரைவரம்மா.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவள் ஐந்து மாதமாக விடியுமுன் எழுந்து போவது இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாதா? ஒரு கிராம் ரோஜா கூடினால் கண்டுபிடிக்கிற ஆளுக்கு? மூக்கருக்கும் அதே கேள்விதான் வந்திருக்க வேண்டும். காது மடல்வரை சிவந்து உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிடத்தில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வேலைச் சீட்டோடு வந்தான். “இனிமே எதுவானாலும் ஒரே ஆள்கிட்டதான் பேசுவேன் சார். மூணு பேர் பாத்துக்கிட்டா இந்த வண்டி தாங்காது. யார் பேரை எழுதிக்கட்டும்?”

மூக்கர் வாயைத் திறந்தார். டிரைவரம்மா முந்திக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள், இனிஷியலோடு, சலவைக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிற மாதிரியே முழுசாக. மெக்கானிக் எழுத்துக்கூட்டி எழுதினான். மூக்கர் திறந்த வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைப் போட்டாள். மூக்கர் வழக்கம்போல் முன் கதவில் கை வைத்தார்.

“நீங்க பின்னாடி உக்காருங்க,” என்றாள் டிரைவரம்மா. “முன்னாடி மாமா வரட்டும். அவரை முதல்ல கிளப்புல விடணும்.”