செவ்வாய்க்கிழமை ஓவியப் பாடம்

மலைமேல் இருக்கும் லம்ஸலோ பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோடு என்றால் என்னவென்று படித்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, ஏரிக்கரை விடுதிக்காரர் செல்சோ பனிசாலெஸுக்கு நேராக நடக்க வராமல் போயிற்று. படியிறங்கிக் காருக்குப் போக வேண்டியவர் இடப்பக்கம் மூன்றடி, வலப்பக்கம் மூன்றடி என்று வெட்டி வெட்டி நடந்து, காரைத் தாண்டிப் போய் மீன்தொட்டியில் இறங்கி நின்றார். வேலைக்காரர்கள் முதலில் குடி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் குடித்தவன் நடை வளையும்; இது வளையவில்லை, ஒவ்வொரு திருப்பமும் மடித்த காகிதத்தின் ஓரம்போல அத்தனை கூர்மை. அதே நேரத்தில் மலைமேல் நாற்பத்திரண்டு பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு, தவளை முதுகுக்கு உரிய, இடமும் வலமுமாக மடியும் வெட்டுக்கோட்டைத் தாளில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் போட்டுக் காட்டியவள் ஜென்லின் ஓஃபோங் டீச்சர். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டாள்.

காரணம் ஏழு வருடத்துக்கு முந்தியது. ஜென்லினின் அக்கா சுபி கனவு காண்பவள். எங்கள் பக்கத்தில் ட்னாலாக் என்ற நார்வாழைத் துணியை யோசித்து நெய்ய மாட்டார்கள். நார்வாழைக்கு உரிய தெய்வம் ஃபூ டாலு கனவில் வந்து காட்டினால்தான் நாரை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். அந்த வருடம் சுபிக்கு ஒரு தவளைக் கூட்டம் கனவில் வந்தது. நான்கு மாதம் நெய்தாள். துணி வீட்டைவிட்டுப் போகும்போது ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் கட்டிக் கொடுப்பது வழக்கம், அது தெய்வத்துக்கு. வாங்கியவன் அதன்பிறகும் துணியைத் தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது, வெட்டுவது என்ற பேச்சே கூடாது. செல்சோ வரவேற்பறைச் சுவரில் மாட்டப்போவதாகச் சொல்லி வாங்கிப் போனார். போகிற வழியிலேயே வளையத்தைப் பிய்த்துக் கார்ச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். மறுவாரம் தையற்காரனை வரவழைத்து, விருந்தாளிகள் அறைக்குள் போட்டுக்கொள்ள முப்பத்தெட்டு ஜோடிச் செருப்பாகத் துணியை வெட்டிவிட்டார். துணியை வெட்டினால் நோய் வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வெட்டினவனுக்கு அல்லவா வர வேண்டும்? வந்தது சுபிக்கு. அன்று முதல் அவள் தூங்கவில்லை. ஏழு வருடத்தில் ஒரு கணம்கூடக் கண் அசரவில்லை. தூக்கம் இல்லாததால் கனவு இல்லை, கனவு இல்லாததால் தறியில் கரப்பான் குடியேறியது. விடுதியில் யார் அந்தச் செருப்பைப் போட்டு நடந்தாலும் காலடி இவள் முதுகில் விழுந்தது. சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவும்போது ஜென்லின் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்: இது வெளிநாட்டான், குதிகால் அகலம், இது புதுமணப்பெண், துள்ளித் துள்ளி நடந்திருக்கிறாள். புனித வாரத்தில் விடுதி நிரம்பி வழியும். அந்த வாரம் சுபி குப்புறப் படுத்தபடியே கிடப்பாள்.

ஜென்லின் மூன்று முறை விடுதிக்குப் போய்ச் செருப்புகளைத் திருப்பிக் கேட்டாள். மூன்றாவது முறை செல்சோ பல் குத்திக்கொண்டே சொன்னார்: “காசு குடுத்து வாங்கினது டீச்சர். கால்ல போடுவேன், தலையில கட்டுவேன், உங்களுக்கென்ன? அக்காவுக்கு முதுகு வலின்னா சொல்லுங்க, தைலம் அனுப்பி வைக்கிறேன்.” சொன்னபடி அனுப்பியும் வைத்தார், இரண்டு பாட்டில். ஜென்லின் அவற்றைத் திறக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. வகுப்பறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டாள். தினமும் வருகைப் பதிவு எடுக்கும் முன் ஒருதரம் அவற்றைப் பார்த்துக்கொள்வாள், கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக.

இப்படி இருக்கையில்தான் கல்வித் துறையிலிருந்து புதுப் பாடத்திட்டம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குக் கோடு, வடிவம், நிறம், சொரசொரப்பு, அடுக்கு ஆகியவற்றை அந்தந்த ஊர் மக்களின் துணியிலிருந்தும் செதுக்கிலிருந்தும் கற்பிக்க வேண்டும், வாரம் ஒன்று, செவ்வாய்க்கிழமை. ஹெட்மாஸ்டர் எலியாசருக்குச் சந்தோஷம். “நம்ம ஊர்த் துணியவே காட்டிடுங்க டீச்சர், செலவு மிச்சம்” என்றார். ஜென்லின் அந்தச் சுற்றறிக்கையைத் தீர்ப்பைப் படிப்பதுபோல் இரண்டு தடவை படித்தாள். வெட்டுப்பட்ட துணியைக் குழந்தைக் கை மறுபடி வரைந்தால் நோய் வெட்டினவனிடமே திரும்பும் என்று எங்கள் கிழவிகள் சொல்வதுண்டு. தையற்காரன் குப்பையில் போட்ட ஒரு சாண் துண்டு அவளிடம் இருந்தது. துணி வெட்டிய அன்றே விடுதிக் குப்பையைக் கிளறி எடுத்து வந்தது. வெட்டுப்பட்ட ஓரமும் ஒரு முழுத் தவளையும் கொண்ட அந்தத் துண்டைப் பலகையில் குத்தி, “இதைப் பார்த்து வரைங்க” என்றாள்.

அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி ஐசெல், செல்சோவின் ஒரே மகள். ஊர்த் தேர்தலில் நிற்கப்போகிறவர், மகளை மலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் நாலு ஓட்டுக் கூடுதலாக விழும் என்று கணக்குப் போட்டிருந்தார். பெண்ணுக்குக் கை அபாரம். வகுப்பிலேயே கூர்மையான வெட்டுக்கோடு அவளுடையதுதான். ஜென்லின் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டாள். போடும்போது கை கூசியது, இல்லையென்று சொல்ல முடியாது, ஆனாலும் போட்டாள்.

இரண்டாம் செவ்வாய் வடிவம். பிள்ளைகள் தவளையின் வயிற்றைச் சாய்சதுரமாக வரைந்தார்கள். செல்சோ வீட்டில் வட்டமாக இருந்ததெல்லாம் சாய்சதுரமாயிற்று: தட்டு, சட்டை பொத்தான், கார் டயர் நான்கும். நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இந்த சைஸுக்கு ஸ்பேர் வராது சார்” என்று சொல்லிப் போய்விட்டான். முட்டைகளும் கூர் முனையோடு வந்தன. பாவம், கோழிகள் போட்ட கூச்சல் ஏரியின் மறுகரைவரை கேட்டது. மூன்றாம் செவ்வாய் நிறம். எங்கள் துணிக்கு மூன்றே நிறம்தான், இலையிலிருந்து கறுப்பு, வேரிலிருந்து சிவப்பு, நாரின் சொந்த வெள்ளை. விடுதியில் பச்சையும் நீலமும் மஞ்சளும் ஒரே காலையில் காலியாயின. புல்தரை கறுத்தது, வறுத்த ஜிலேபி மீன் ரத்தச் சிவப்பில் தட்டுக்கு வந்தது, செல்சோவின் முகம் சிவப்பு, கை கறுப்பு. ஏரி யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அதன் நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விருந்தாளிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். செருப்புகள் அலமாரிக்குப் போயின. அந்த வியாழக்கிழமை சுபி ஏழு வருடத்தில் முதல்தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து சோறு தின்றாள். நான்காம் செவ்வாய் பிள்ளைகள் துண்டைத் தடவிச் சொரசொரப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டார்கள். செல்சோவின் தோல் சொரசொரப்பெல்லாம் போய்க் கண்ணாடியாக வழுக்க ஆரம்பித்தது. விரல் ரேகை போயிற்று, கைபேசி அவரை அடையாளம் காண மறுத்தது, கரண்டி கையில் நிற்கவில்லை. மனைவி நெலியா சோற்றை ஊட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் மலையேறி வந்தார். வெட்டி வெட்டி நடந்ததில் அரை மணிப் பாதை அரை நாளாயிற்று.

“டீச்சர், போதும். நிறுத்துங்க.”

“நான் என்ன சார் பண்றேன்? பாடத்திட்டத்துல இருக்கு. இன்னும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமைதான்.”

“எவ்வளவு வேணும், சொல்லுங்க.”

“அந்த வளையம் வேணும். அதக் கொண்டுவந்து எங்கக்கா கையில குடுத்து, வெட்டினது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுடறேன்.”

செல்சோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு மிதியடிக்கா டீச்சர் இவ்வளவு ஆட்டம்?” என்று கேட்டுவிட்டு, வந்த மாதிரியே இடமும் வலமுமாக இறங்கிப் போனார். திங்கட்கிழமை காலை டிரைவர் நடந்தே ஒரு வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே தங்க வளையம், பெரிதாக, கல் வைத்து. நகைக்காக நடக்கிற சண்டை என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார்! பித்தளை வளையமோ டிரைவர் கையிலிருந்த சாவிக்கொத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஜென்லின் தங்கத்தைத் தன் வீட்டுப் பன்றியின் மூக்கில் மாட்டினாள். அடுத்த திருவிழாவில் வெட்டும்வரை பன்றி அதைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தது.

அன்று பள்ளி விட்டதும் ஐசெல் மட்டும் போகாமல் மேசையருகே நின்றாள். “டீச்சர், நான் நல்லா வரையறதாலயா எங்கப்பாவுக்கு இப்படி ஆகுது?”

ஜென்லினுக்குப் பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “ஆமா” என்றாள்.

“அம்மா சாரி சொல்லுங்கன்னு சொன்னாங்க. அப்பா தட்டத் தூக்கி எறிஞ்சாரு. வழுக்கி அவர் தலையிலயே விழுந்துருச்சு.” சிரிப்பதா அழுவதா என்று குழந்தைக்குத் தெரியவில்லை. ஜென்லினுக்கும்தான். “நாளைக்கு உனக்கு வரைய வேணாம்னா வரையாத கண்ணு” என்றாள். “மத்தவங்க வரைவாங்க.”

வீட்டுக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெற்றவனுக்கு நேர்வதைப் பிள்ளை கையாலேயே நடத்துகிறோமே என்று இருந்தது அவளுக்கு. “அக்கா, நிறுத்திடவா?” சுபி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். ஏழு வருடம் மூடாத கண். “தூக்கம் வருது ஜென்” என்றாள். “கிட்ட வந்து நிக்குது. இன்னும் ஒரு அடி.” ஜென்லின் மறுநாள் பாடத்துக்குத் தாள்களை எடுத்துவைத்தாள்.

ஐந்தாம் செவ்வாய் அடுக்கு. ஒரு தவளை, பக்கத்தில் ஒரு ஆள். மறுபடி தவளை, மறுபடி ஆள். நாற்பத்தொரு பிள்ளைகள் மும்முரமாக வரைந்தார்கள். ஐசெல் தாளை வெள்ளையாகவே வைத்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். விடுதியில் பத்து மணிக்குச் செல்சோ ஒருவராக இருந்தார். பத்தரைக்கு அறைக்கு ஒருவராக இருந்தார். பதினொன்றுக்கு வராந்தா நெடுக வரிசையாக நின்றார், எல்லாம் சிவப்பு முகம், கறுப்புக் கை, சாய்சதுர வயிறு, காகிதக் கனம். எல்லா வாயும் ஒரே கெட்ட வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னது. நெலியா இரண்டு முறை எண்ணினாள். நாற்பத்தொன்று. வரிசையின் கடைசியில் இன்னும் ஒருவர் நிற்க இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மலைமேல் சுபி கொட்டாவி விட்டுப் பாயில் சாய்ந்தாள், தூங்கிப்போனாள். அவள் மூச்சு சீராகச் சீராக வராந்தா வரிசை மங்கி, ஒன்றரை மணிக்கு வெறும் தரை மட்டும் இருந்தது. தரையில் கார்ச் சாவி கிடந்தது. நெலியா அதிலிருந்து பித்தளை வளையத்தைக் கழற்றி, எழுபத்தாறு செருப்பையும் சாக்கில் கட்டி, வெறுங்காலோடு மலையேறி வந்து, வளையத்தைத் தூங்குகிறவள் உள்ளங்கையில் வைத்தாள். “வெட்டினது தப்பு” என்று அவளே சொன்னாள். சுபி நான்கு நாள் தூங்கினாள். எழுந்தபோது முதுகில் ஒரு தடமும் இல்லை.

எழுந்த கையோடு நார் கேட்டாள். கனவில் பார்த்ததை ஐந்து மாதம் நெய்தாள்: தவளை, ஆள், தவளை, ஆள். ஊர்ப் பெரியவர்கள் எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்க, அவள் குறுக்கிட்டாள். “விக்கவும் வேணாம், மாட்டவும் வேணாம். பள்ளிக்கூட வாசல்ல போடுங்க. மிதிக்கட்டும்.” எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள், ட்னாலாக்கின் மேல் கால் வைப்பதாவது! சுபி தானே முதலில் ஏறி நின்று இரண்டு குதிகாலையும் நன்றாகத் தேய்த்தாள். ஊர் ஒரு வாரம் காத்திருந்து பார்த்தது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஃபூ டாலுவுக்கு ஆட்சேபணை இல்லை என்று முடிவாயிற்று.

அது முதல் இருநூற்று முப்பது பிள்ளைகளும் காலையில் சேறு போக அதில்தான் கால் துடைக்கிறார்கள். விடுதி நெலியாவின் பெயரில் நன்றாகவே நடக்கிறது. அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. மழைக்காலத்தில் வாசல் பக்கம் முனகல் கேட்கிறது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். “ஈரத்துக்கு முதுகு வலிக்கும் சார்” என்று ஜென்லின் பதில் சொன்னாள். அந்த இரண்டு தைல பாட்டிலையும் அலமாரியிலிருந்து எடுத்து மிதியடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். மூடி இன்னும் திறக்கவில்லை.

துணியில் ஆட்கள் நாற்பத்தொன்றுதான். நாற்பத்திரண்டாவது இடத்தில் நாரின் சொந்த வெள்ளையில் ஒரு சாய்சதுரம், வெறுமையாக, ஏழு வயதுக் குழந்தையின் பாதம் கொள்கிற அளவில் இருக்கிறது. ஐசெல் தினமும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் மட்டும் கால் வைத்து உள்ளே போவாள். அவள் வரும்போது ஜென்லின் வாசலில் நின்று மற்றப் பிள்ளைகளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்வாள். இந்த ஜூனில் ஐசெல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பாதம் பெரிதாகிவிட்டது, இப்போது அந்த வெள்ளையில் முன்பாதம் மட்டும்தான் கொள்கிறது. அதை மட்டும் ஊன்றி ஒரே எட்டில் உள்ளே போய், அவள் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள்.