கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தீர்ப்பு

பாலக்கரையில் ஏறிய சவரிநாதன், இடம் இருந்தும், ஸ்ரீரங்கம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தார். கோபம் அவரை உட்காரவிடவில்லை. கையில் பழைய வேட்டியில் சுற்றிய கண்ணாடிப் படம். தங்கை டோரதி, அறுபத்தெட்டு வயதில், புருஷன் போய் ஒரு வருஷம் ஆகுமுன்னே, அப்பா வீட்டில் பாகம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். அவர்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை.

வடக்குச் சித்திரை வீதியில் வக்கீல் ஜகன்னாத்தின் மேஜைமேல் படத்தை வைத்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா அந்தோணிமுத்து வாங்கின தீர்ப்பு. ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தி நாலு. கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாலும் சொத்துல நாங்க இந்து சாஸ்திரம்தான். பொண்ணுக்குச் சீர் உண்டு, பாகம் கிடையாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நான்தான் இதை வாசிப்பேன்."

ஜகன்னாத் சிரித்தார். "அப்போ அப்படித்தான் சார். தாலிக்குச் சர்ச்சு, சொத்துக்கு சாஸ்திரம், தீர்ப்பு சொல்ல வெள்ளைக்காரன். கிறிஸ்தவங்களுக்குன்னு வாரிசுச் சட்டம் வந்தப்புறமும் பழைய வழக்கம்தான்னு சண்டை போட்டவங்க உண்டு. இன்னிக்கு அது செல்லாது. உங்கப்பா உயில் எழுதலை. கிறிஸ்தவச் சட்டம்னாலும், இந்துச் சட்டம்னாலும் உங்க தங்கச்சிக்கு சமபங்கு."

"எங்க வழக்கத்தை நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன். எழுதுங்க."

நகலெடுக்க ஜகன்னாத் பின்பலகையைக் கழற்றினார். முதல் தாளுக்குப் பின்னால் மடித்த தாள்கள் நாலு இருந்தன. படித்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சார், வெளியில தெரியறது தீர்ப்பில்லை. உங்க கொள்ளுத்தாத்தாவோட வாதத்தை ஜட்ஜ் முதல்ல எழுதியிருக்காரு. தீர்ப்பு கடைசியில."

"என்னன்னு?"

"வழக்கம் நிரூபணமாகலை. அந்தோணிமுத்துவோட தங்கை ஞானம்மாளுக்கு வீட்டுல பாகம் உண்டு."

ஞானம்மாள். அப்படி ஒரு பெயரைக் குடும்பத்தில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. கேள்வியை முழுசாகப் படிக்காத பையன்களை முப்பது வருஷம் பெஞ்சுமேல் ஏற்றிய ஹெட்மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது.

ஜகன்னாத் குரலைத் தாழ்த்தினார். "இதை உள்ளேயே வச்சிருவோம். முதல் பக்கத்தோட ஒரு சத்தியப் பத்திரம் போட்டா பத்து வருஷம் இழுக்கலாம். உங்க தங்கச்சிக்கும் வயசாச்சு..."

சவரிநாதன் மேஜையில் அறைந்தார். கண்ணாடி விரிசல் கண்டது.

"என் தங்கச்சி சாகற வரைக்கும் இழுக்கச் சொல்றீங்க! அதுக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணணும்! எங்க வீட்டுல அந்தோணிமுத்து ஒருத்தர் பண்ணினது போதும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி வைங்க. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்."

தாள்களைப் பொறுக்கிக்கொண்டு நேரே பொன்மலைக்குப் போனார். டோரதி தன் வாடகை வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே, திட்டறதுக்கா இவ்வளவு தூரம்? போன்லயே திட்டியிருக்கலாமே."

"வாயை மூடிட்டு இதைப் பிடி. இனிமே கல்யாணத்துல நீதான் வாசிக்கணும்."

"முதல் பக்கமா? அதுதான் நீங்க வாசிச்சு வாசிச்சு எனக்கு மனப்பாடமாச்சே."

"கடைசிப் பக்கம். சத்தமா வாசி. நம்ம வீட்டுப் பொண்ணு ஒருத்தி ஜெயிச்சிருக்கா. அவ பேரையே எல்லாருமா சேர்ந்து முழுங்கிட்டோம்."

டோரதி அவர் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கண்ணாடி எடுத்துட்டு வரேன். உள்ள வந்து உட்காருங்க."

"நீ முதல்ல வாசி," என்றார். உட்காரவில்லை.