கொண்டை போன மயில்கள்

நிச்சயத்தன்று தட்டு உடைத்தபோதே கித்லுக்குச் சம்பந்தியம்மாள் மேல் கடுப்பு. பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்ந்து தட்டு உடைப்பது கித்ல் வீட்டு வழக்கம். மொரோக்கோ குடும்பத்து ஃபோர்த்துனாவுக்கோ அது புதுசு. ஆனாலும் ஒரே போடாகப் போட்டுக் கைதட்டலையெல்லாம் அவளே அள்ளிக்கொண்டாள்.

கல்யாண ஒப்பந்தப் பத்திரத்தைச் சுற்றிக் காகிதத்தில் பெண் பக்கம் ஒன்று, மாப்பிள்ளை பக்கம் ஒன்றாக மயில் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள் மகள் திர்ட்சா. ஆயுசுக்கும் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற சமாசாரம். அதிலாவது தன் கை ஓங்கவேண்டாமா? ஜெருசலேம் சந்தொன்றில் காகிதம் வெட்டும் யோகெவெத்தின் கடைக்குப் போய் நின்றாள் கித்ல்.

“எங்க பக்கத்து மயிலை ஒரு விரக்கடை பெருசா வெட்டிடேன்.”

“ரெண்டும் ஒரே அளவாத்தான் வரும், கித்ல்.”

“அவ வந்து ஓதிட்டுப் போனாளாக்கும்?”

“யாரு ஓதினாலும் அப்படித்தான் வரும். உக்காரு, டீ போடறேன்.”

யோகெவெத் உள்ளே போனாள். மேசைமேல் பாதித் தாள் அளவில் ஒரே ஒரு மயில். கீழே பென்சிலில் மாப்பிள்ளை பெயர், அவ்னேர். ‘ஓகோ, மறுபாதியை இன்னும் தொடவேயில்லை. முதல் மரியாதை அங்கேதானா?’ தோகை என்னவோ மொட்டையாகத்தான் இருந்தது; அதில் ஒரு சின்னத் திருப்தி. ஆனால் கொண்டை! ஃபோர்த்துனாவின் கழுத்து மாதிரியே நிமிர்ந்து நின்றது.

கித்ல் கத்தியை எடுத்தாள். ஒரே கீறு. கொஞ்சம் அழுத்தமாகத்தான் போயிற்று. விழுந்ததைப் பார்க்காமலே கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, டீயையும் குடித்துவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் யோகெவெத் இருவரையும் அழைத்தாள்.

“வாங்க சம்பந்தி, உங்க மயில் லட்சணத்தைப் பாப்போம்,” என்றாள் ஃபோர்த்துனா, வாயெல்லாம் தேனாக.

“உங்களோடதையும்தான் பாப்போமே.”

யோகெவெத் தாளின் ஓரத்தைப் பிடித்தாள். “மடிச்சு வெட்டறதுதான் எங்க தொழில். மேல் பக்கம் கத்தி பட்டா அடிப்பக்கமும் பட்டாச்சு. பேரை மட்டும் விரிச்சப்புறம் வெட்டுவேன்.”

விரித்தாள்.

இரண்டு மயில்கள். இரண்டுக்கும் கொண்டை இல்லை. இரண்டுக்கும் தோகை பாதி இல்லை.

கித்லின் விரல் பைக்குள் துழாவிற்று. ஒன்றல்ல, இரண்டு கொண்டை.

“கொண்டை எங்கே?” என்றாள் ஃபோர்த்துனா.

“தோகை எங்கே?” என்றாள் கித்ல்.

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை திர்ட்சா பேரு மேலே இருந்தப்போ ஒரு அம்மா வந்தாங்க, திங்கக்கிழமை திருப்பி வச்சு அவ்னேர் பேரு மேலே இருந்தப்போ ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு தடவையும் நான் டீ போடத்தான் உள்ளே போனேன்.”

இரண்டு சம்பந்திகளும் சுவரைப் பார்த்தார்கள்.

“வேற வெட்ட முடியாதா?” கித்லின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மகளுக்குத் தெரிந்தால் கல்யாணப் பந்தலிலேயே மானம் போகுமே!

“ஒரு மாசம் ஆகும்.”

கல்யாணத்தன்று பத்திரத்தைப் பார்த்த திர்ட்சா புருவம் சுருக்கினாள். “அம்மா, மயில்தானே கேட்டேன்? யாரு வாத்து வெட்டச் சொன்னது?”

ஃபோர்த்துனா முந்தினாள். “வாத்துதான் கண்ணு. எங்க குடும்பத்துல அதுதான் வழக்கம்.”

கித்ல் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“எங்க குடும்பத்துல அதுக்கும் முன்னாடியே உண்டு.”