வட்டமாக ஓடிய வேர்

கல்லு மாமா சீக்கிரம் செத்துப்போகும் செடிகளை நடவே மாட்டார். தோட்டம் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்கள் கைபேசியில் பூக்களின் படங்களைக் காட்டுவார்கள். மாமா மூக்கைச் சுளித்துக்கொண்டு, இது மூணு மாசம் சிரிக்கும், அப்புறம் உங்களை அழவைக்கும் என்று சொல்லிவிடுவார். அவர் போடும் தோட்டத்தில் இயற்கைக் கல், சரளை, பத்து வருடத்தில் ஒரு முழம் வளரும் செடி, நட்டவரின் பேரன் பேத்திக்கு நிழல் தரப்போகும் மரம், அவ்வளவுதான். சிமெண்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் கல்லு மாமா. காதுக்கு எட்டியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவர் இப்போது அக்கா வீட்டுப் பின்பக்கத்தில், தானே நட்ட பைன் மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டு மண்ணை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று நாளாக அக்கா போனில் பிடுங்கி எடுத்திருந்தாள். மரத்தின் உச்சி பழுத்துவிட்டது, ஊசியிலை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, பாப்பா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறாள். தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் மாமா மத்தியானம் சாவகாசமாக வந்தார்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்று. அக்காவின் ஒரே மகள். பேச்சு நாலைந்து சொற்களைத் தாண்டியதில்லை. எதுவும் மாறக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். தட்டு உடைந்து வேறு தட்டு வைத்தபோது இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். அறைக்கு வேறு நிறம் அடித்தபோது ஒரு வாரம் குளியலறையில் படுத்துத் தூங்கினாள். அவளுடைய அப்பா, கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். பதினெட்டு வருடமாக எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், மகராசன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அக்கா தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எதுவுமே மாறாத ஒரு இடம் அவளுக்கு வேணும்டா. நான் போனதுக்கு அப்புறமும் அது அப்படியே இருக்கணும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் மாமா சிரித்திருப்பார். தோட்டம் என்றாலே மாறுவதுதானே. ஆனால் கேட்டது அக்கா. ஒரு மாதம் தாள் தாளாக வரைந்து தள்ளினார். பின்வாசலிலிருந்து வரிசையாக நாற்பத்தொரு நடைகல். ஒவ்வொன்றையும் குவாரிக்கு நேரில் போய்ப் பொறுக்கி, மணலில் படுக்கவைத்து, ஆடாமல் தட்டி இறக்கினார். இரண்டு பக்கமும் குட்டிப் பனை மாதிரி சைக்கஸ் செடி, அது தன் பாட்டுக்கு நூறு வருடம் கிடக்கும். பூச்செடி கிடையாது. பூத்தால் உதிருமே. கடைசியில் அந்தப் பைன் மரம், அதன் அடியில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு தட்டைக் கல். முந்நூறு வருடம் நிற்கும் என்று மாமா மார்தட்டிக்கொண்டார்.

தினமும் மூன்று மணி அடித்தால் பாப்பா வெளியே வருவாள். ஒரு கல்லையும் விடாமல் மிதித்துப் போய், தட்டைக் கல்லில் உட்கார்ந்து, முதுகை மரத்தில் சாய்த்துக்கொள்வாள். ஐந்து மணி வரை அசையமாட்டாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அக்கா குளிப்பாள், கண்ணயர்வாள், கொஞ்சம் மனுஷியாக இருப்பாள்.

பைன் மரம் மண்ணிலிருந்து எழும் இடத்தில் நாலா பக்கமும் அகன்றிருக்க வேண்டும். இப்போது நோண்டிப் பார்த்தால் இதில் ஒரு பக்கம், கம்பத்தை நட்டதுபோல நேராக உள்ளே இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததுமே மாமா போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். கடைசி மூன்று நடைகல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டு மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் அது இருந்தது. மணிக்கட்டுக் கனத்தில் ஒரு வேர், வெளியே ஓடாமல் அடிமரத்தைச் சுற்றி வளைத்து, பட்டைக்குள் புதைந்து நெரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. எழுந்து மரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். காலடி மண் லேசாகத் தூக்கிக் கொடுத்தது.

நட்ட அன்று நடந்தது அவருக்கு மறக்கவில்லை. நாற்றுப் பண்ணையில் வெகுநாள் தொட்டியில் கிடந்த மரம் அது. தொட்டியைக் கழற்றினால் வேரெல்லாம் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தது. அதை அறுத்து, பிரித்துவிட்டுத்தான் நட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள்ளும் வட்டமாகவே ஓடிப் பருத்து, ஒருநாள் மரத்தின் கழுத்தைத் தானே பிடித்துவிடும். இதை மறந்த வேலையாளை மாமா உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறார். அன்றைக்கும் ரம்பத்தை எடுத்தார். முதல் வேரில் பல் பட்டதும் பாப்பா அலறினாள். ஓடிவந்து வேர்க்கட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், விடவில்லை. விட்டுடுடா, பயப்படறா, என்றாள் அக்கா. மாமா ரம்பத்தைக் கீழே வைத்தார். உள்ளே போனால் அதுவாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு, மண்ணைத் தள்ளி மூடினார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்தாள். மாமா ஒளிக்காமல் சொன்னார். இப்போது வேரை அறுத்தால் மரத்துக்குப் போகிற பாதித் தண்ணீரும் நின்றுவிடும். அறுக்காவிட்டால் நெரித்தே கொன்றுவிடும்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"காய்ஞ்சு சாகறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். ஆனா அதுவரைக்கும் நிக்காதுக்கா. பிடிமானமே இல்ல. நல்ல காத்து அடிச்சா அடியோட சாய்ஞ்சிடும். அது நாளைக்கேகூட இருக்கலாம்."

அக்கா தட்டைக் கல்லைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வெட்டாதேன்னு சொன்னது நான்தானே?"

"நான் கேட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார். வாங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா திட்டவில்லை. வெட்டிவிட்டு இதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து நட முடியுமா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். தட்டு மாறியதற்கே இரண்டு நாள் பட்டினி. தோட்டத்துக் கதவைப் பூட்டிவிடலாமா என்றார் மாமா. பூட்டின கதவில் தலையை முட்டிக்கொள்வாளே, மறந்துட்டியா, என்றாள் அக்கா. கயிறு போட்டு இழுத்துக் கட்டலாம், முட்டுக் கொடுக்கலாம் என்று மாமா வாய்க்கு வந்ததைச் சொன்னார். எந்தக் கயிற்றையும் பாப்பா ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கமாட்டாள். நாற்பது வருடத் தொழிலில் அவருக்குத் தெரிந்த வித்தை எல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. எல்லாரையும் பூச்செடிக்காகக் கேலி செய்த மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பேசிக்கொண்டே இருந்ததில் மணியை யாரும் பார்க்கவில்லை. பின்வாசல் கதவு திறந்தது.

பாப்பா வாளியோடு கல் கல்லாக மிதித்து வந்தாள். முப்பத்தெட்டாவது கல்லில் நின்றுவிட்டாள். அதற்கப்பால் பள்ளம். பாப்பா அலறவில்லை. வாளியை வைத்துவிட்டு மண்டியிட்டாள். தோண்டிப் போட்டிருந்த மண்ணைக் கைகொள்ளும் அளவுக்கு அள்ளி அள்ளிப் பள்ளத்தில் போட்டாள். அந்த வேர் மறைந்தது. மூன்று கல்லையும் ஒவ்வொன்றாக இழுத்துவந்து, திருப்பிப் பார்த்து, அதனதன் இடத்தில் சரியாக வைத்தாள். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். மாமா தட்டுவது மாதிரியே தட்டினாள்.

பிறகு அவற்றை மிதித்துப் போய், தட்டைக் கல்லில் உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்துகொண்டாள். வாளியிலிருந்து ஒரு பழுத்த ஊசியிலையை எடுத்து மாமா பக்கம் நீட்டினாள். கல்லைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர் இதையும் வைப்பார் என்று நினைத்திருப்பாள்.

"மாமா. வை."

மாமா அதை வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது?

அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். உச்சியில் காற்றுச் சத்தம் கேட்டது, பெரிய காற்று ஒன்றுமில்லை. அக்கா எழுந்துவந்து பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் வரவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது.

மாமா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மரத்தில் சாய்ந்துகொண்டார். முதுகுக்குப் பின்னால் அது மெல்ல அசைவது அவருக்குத் தெரிந்தது.