ஒரே தோட்டத்துக்கு இரண்டு போர் வண்டி

குமரகுருவின் போர்வெல் கம்பெனிக்குத் திருச்செங்கோட்டில் ஓர் அலுவலகம், ராசிபுரத்தில் ஓர் அலுவலகம். எந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டி, என்றைக்குப் போகிறது என்பதெல்லாம் திருச்செங்கோட்டில் இருக்கும் சர்வரில் பதிவாகும். ராசிபுரத்துக் கம்ப்யூட்டரும் அதே சர்வரைத்தான் பார்க்கும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் நான்சி. சேலத்துப் பெண், திருச்செங்கோட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்வரில் இருந்த டேட்டாபேஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றினாள். திருச்செங்கோட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதோடு ஒட்டிக்கொண்டன. மறுநாள் காலையில் ராசிபுரத்திலிருந்து மேனேஜர் அன்வர் பாட்சா கூப்பிட்டார்.

"ஏம்மா நான்சி, பொட்டி என்னமோ செவப்பு எழுத்துல திட்டுதும்மா."

அவருடைய கம்ப்யூட்டர் அரதப் பழசு. புது டேட்டாபேஸோடு பேசுவதற்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேர் அதில் ஏற மறுத்தது. நல்லவேளையாகப் பழைய டேட்டாபேஸை நான்சி இன்னும் அழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதே சர்வரில் ஓடவிட்டிருந்தாள். வேலை நிற்க வேண்டாமே என்று ராசிபுரத்தை மட்டும் அந்தப் பழையதன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இப்ப ஓடுதுங்களா, பாய்?"

"ஜம்முன்னு ஓடுதும்மா!"

சாயங்காலம் ஒழுங்காகச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் ஓர் அரிசி ஆலைக்காரர் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஒரு நூற்பாலை. அப்புறம் சுத்தமாக மறந்துபோனாள்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அன்பு என்று ஒரு விவசாயி. எதிலும் அவசரக்காரர். போர் போட வேண்டும் என்று திருச்செங்கோட்டுக்குப் போன் செய்தார். அங்கே பதிவு எழுதும் தனப்பிரியா வியாழக்கிழமை வண்டி வரும் என்றாள். ஒரே இடத்தை நம்பி இருப்பானேன் என்று ராசிபுரத்துக்கும் ஒரு போன் போட்டார். வழக்கமாக இருந்தால், "உங்க பேரு ஏற்கெனவே இருக்குதுங்களே" என்று பாட்சா சொல்லியிருப்பார். அவர் பார்த்த பழைய டேட்டாபேஸில் அப்படி ஒரு பேரே இல்லை. அவரும் அதே வியாழக்கிழமையைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் நான்சிக்குக் குமரகுருவிடமிருந்து போன். "அம்மிணி, ஒடனே கெளம்பி மல்லசமுத்திரம் வாங்க. வந்து கண்ணால பாருங்க."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஊர் தாண்டியதும் ஒரு குறுகலான மண்தடம். அதன் நடுவில் இரண்டு போர் வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் குழாய் ஏற்றிய லாரி ஒன்று. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் கம்பிவேலி. திரும்ப இடமில்லை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. யாரோ சைக்கிளில் டீ கேன் கொண்டுவந்து வியாபாரமே ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு வண்டியும் என்னுது, ரெண்டு டிரைவரும் எங்கிட்டச் சம்பளம் வாங்கறவங்க. எவனைப் பின்னால போகச் சொல்றது?" என்றார் குமரகுரு.

நான்சிக்குத் திங்கட்கிழமை செய்தது நினைவுக்கு வந்தது. மழுப்பவில்லை. "என் தப்புதாங்க, சரிசெய்ய மறந்துட்டேன். திங்கக்கிழமையில இருந்து உங்க கம்பெனி ரெண்டு டைரி வச்சிருக்குது. திருச்செங்கோடு புதுசுல எழுதுது, ராசிபுரம் பழசுல எழுதுது. ஒருத்தர் எழுதுனது அடுத்தவருக்குத் தெரியாது."

குமரகுரு தலையில் அடித்துக்கொண்டார். "அதான் பாட்சா நேத்து எங்கிட்டச் சொன்னாரு. திருச்செங்கோட்டுல ஒரு புக்கிங்கும் ஆவறதில்ல, அந்தப் புள்ள தூங்குதுன்னு!"

பின்னால் நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். "தனப்பிரியாவும் பாட்சாவப் பத்தி அதையேதானுங்க சொல்லுச்சு."

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் குமரகுருவும் சேர்ந்துகொண்டார். அப்போது கம்பிவேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஏனுங்க மொதலாளி, இந்த வண்டிய எங்காட்டுக்குள்ள உடுங்க!"

ஞானமேரி. எதிர்த் தோட்டத்துக்காரி. அவளுடைய பழைய போர் வற்றி இரண்டு கோடை ஆகிவிட்டது. போன மாதம் கேட்டபோது வண்டிகள் எல்லாம் ஆந்திரா போயிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நீரோட்டப் பாயிண்ட் பார்த்துக் கல் நட்டு வைத்துக் காத்திருந்தாள். பதிலுக்குக்கூட நிற்காமல் அவளே கம்பிவேலியின் முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"வேலி போச்சுன்னா?" என்றார் குமரகுரு.

"வேலிய நாளைக்குக் கட்டிக்கலாமுங்க. வண்டி நாளைக்கு வருமா?"

ராசிபுரத்து வண்டியும் அதன் குழாய் லாரியும் வேலிக்குள் நுழைந்தன. தடம் திறந்தது. திருச்செங்கோட்டு வண்டி அன்புவின் தோட்டத்துக்குள் போனது. தடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் தூரத்து மூலையில் ஒன்று என இரண்டும் ஒரே நேரத்தில் தோண்ட, வானம் முழுக்க வெள்ளைத் தூசி.

அந்த இரைச்சலில் நான்சி குமரகுருவின் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். முதலில் பாட்சாவுக்குப் போன் செய்து, அவருடைய புரோகிராமை மூடச் சொன்னாள். அடுத்த வாரம் வரை எல்லாப் பதிவையும் தனப்பிரியாவிடம் போனில் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

"அந்தப் புள்ளகிட்டயா?"

"அது தூங்கலைங்க, பாய். உங்களுக்கும் மேல புக்கிங் எடுத்திருக்குது."

"அட ஆண்டவனே," என்றார் பாட்சா. "நானு எங்க ஊட்டுல வேற சொல்லிப்போட்டேன்."

பழைய டேட்டாபேஸில் தேங்கியிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதியதில் சேர்த்தாள். சனிக்கிழமைக்கு ஒரே வண்டி இரண்டு ஊருக்குப் போவதாக இருந்தது. தனப்பிரியா பேசி ஒருவரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினாள். பிறகு நான்சி பழைய டேட்டாபேஸை நிறுத்தினாள்.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அன்பு. "தண்ணிங்க! அந்த அக்காவுக்குத் தண்ணி வந்திருச்சு!"

இறங்கி ஓடினாள். ஞானமேரியின் தோட்டத்தில் தூசி அடங்கி, சேறு கக்கி, அதன் பின் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஞானமேரி நனைந்தபடி நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான்சியைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்கு அடியிலேயே நிறுத்தினாள். "நீ மறந்ததாலதான சாமி எனக்குத் தண்ணி வந்துச்சு!"

"இன்னொரு தடவ மறந்துராதீங்க, அம்மிணி," என்றார் குமரகுரு. அன்புவின் போரில் தண்ணீர் வர மதியம் தாண்டியது. அதுவரை அன்பு இறங்குகிற குழாய்களை எண்ணிக்கொண்டே நின்றார். வந்த பிறகு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் நான்சி ஒரு புதுக் கம்ப்யூட்டரோடு ராசிபுரம் போனாள். புரோகிராமில் இப்போது ஒரு சின்ன வேலை கூடியிருந்தது: திறந்ததும் முதலில் டேட்டாபேஸின் வெர்ஷனைக் கேட்கும், பொருந்தாவிட்டால் ஒரு பதிவும் எழுத விடாது. பாட்சாவுக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே ஒரு பழைய டேட்டாபேஸின் பிரதியோடு இணைத்துத் திறந்தாள்.

'இது பழைய டேட்டாபேஸ். இதில் எழுத முடியாது. நான்சியைக் கூப்பிடவும்' என்று திரையில் வந்தது.

பாட்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "பரவாயில்லயே, பொட்டிக்கு ரோசம் வந்திருச்சு," என்றவர், உடனே செல்போனை எடுத்து அவளுக்கே போன் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்சியின் பைக்குள் மணி அடித்தது.