மேயரின் பதினெட்டு நகங்கள்

1987 செப்டம்பர் 15, செவ்வாய்க்கிழமை, பெல்ஜியத்தின் கென்ட் நகர மருத்துவமனை ஒன்றில் ஓடில் வான் ஹெக்கவின் வலது கண்ணிலிருந்து புரை அகற்றப்பட்டது.

மறுநாள் காலை எங்கள் ஊரான லெம்பேக்கவின் ரொட்டிக் கடையில் எனக்குச் செய்தி தெரிந்தது. "உங்க சிநேகிதருக்கு இனிமே எல்லாம் பளிச்சுன்னு தெரியுமாம்" என்றாள் கடைக்காரி. நல்லது என்றேன். வாங்கிய ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஓடிலும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தான். நான் ஏக்லோ நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். இருவருமே முயல் வளர்ப்பவர்கள். கறிக்கடை முயல் அல்ல. ஃப்ளாண்டர்ஸ் ராட்சத முயல், காட்டுமுயலின் சாம்பல் பழுப்பு நிறத்தில். ஏழு கிலோவுக்குக் குறைந்தால் எங்கள் சங்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேசையில் படுக்க வைத்தால் நாய் படுத்திருப்பது போலிருக்கும். நவம்பர் கண்காட்சியில் பதினோரு ஆண்டுகள் ஓடில் முதலிடம். அதில் எட்டு ஆண்டுகள் நான் இரண்டாமிடம்.

சங்கத்தில் குட்டிகளின் காதில் எண் பச்சை குத்துகிறவனும் நான்தான். தாயைவிட்டுப் பிரிப்பதற்கு முன் வீடு வீடாகப் போய், ஊசி இடுக்கியால் எண்ணைக் குத்தி மை தேய்க்க வேண்டும். அந்த எண் இல்லாத முயல் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் கண்காட்சிக் கூண்டுக்குள் போக முடியாது. குத்துவதற்கு முன் ஒவ்வொரு குட்டிக்கும் பல்லையும் பாலுறுப்பையும் நகத்தையும் பார்ப்பேன். எங்கள் நிறத்தில் நகம் கறுப்பாக இருக்க வேண்டும். பதினெட்டில் ஒன்று வெள்ளையாக இருந்தாலும் நடுவர் எடைகூடப் பார்க்க மாட்டார். வெள்ளை நகம் ரத்தத்தில் ஒளிந்திருந்து தலைமுறை தாண்டி வரும் என்பார்கள். அதனால் எண் குத்துகிறவன் சொல்வதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

முந்தைய ஆண்டு, மார்ச்சில், ஓடிலின் கொட்டகைக்குப் போனேன். 85ஆம் ஆண்டுக் கோடையில் கொசு பரப்பிய நோயில் அவனுடைய முயல்கள் ஏறக்குறைய எல்லாம் வீங்கிச் செத்திருந்தன. முப்பது வருட வம்சத்தில் மிஞ்சியது ஒரே ஒரு தாய். அது ஐந்து குட்டி போட்டிருந்தது. முதலில் கையில் வந்த ஆண் குட்டியை, அந்தக் கடுவனைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வாரக் குட்டி, என் வீட்டுப் பன்னிரண்டு வாரக் குட்டியைவிட கனத்தது. முன்கால் ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிட தடிமன். என் வாழ்நாளில் அப்படியொரு குட்டியைத் தொட்டதில்லை. அந்த வருடம் என்னிடமும் ஒரு நல்ல கடுவன் இருந்தது.

ஓடில் பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அப்போதே அவனுக்கு ஆள் அடையாளம்கூடக் குரலை வைத்துத்தான்.

"எப்படிப்பா இருக்கு?" என்றான்.

"பின்னங்கால் இடது பக்கம். இரண்டாவது நகம் வெள்ளை" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் வாய் தவறி வந்ததும் இல்லை. சொல்லிவிட்டு நான் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தேன். நகம் கறுப்பாக இருந்தது.

ஓடில் தாயின் கூண்டைத் தடவித் தேடிச் சாத்தினான். "அப்ப மத்ததுக்கும் குத்தாத. தாய்கிட்டதான் கோளாறு. கெட்ட ரத்தத்த வச்சுக்கிட்டு அடுத்தவன் தலையில கட்ட என்னால முடியாது" என்றான்.

அந்தக் கடுவனை, கப்ரைக்க சாலையில் காபிக்கடையும் பீர்க்கடையுமாக ஒன்று நடத்தும் சுல்மா கேட்டு வாங்கிப் போனாள். ஆசைக்கு வளர்க்க என்றாள். மற்ற நான்கும் கோடையில் சட்டிக்குப் போயின. தாயை ஓடில் ஈஸ்டர் முடிந்த ஞாயிறு மதியம் உலர் பிளம் போட்டுக் கருப்பு பீரில் சமைத்தான். என்னையும் கூப்பிட்டிருந்தான். போனேன். இரண்டாம் முறையும் தட்டை நீட்டினேன். அந்த நவம்பரில் என் கடுவன் கோப்பை வாங்கியது.

சுல்மாவின் கடையில் அந்தக் குட்டி வளர்ந்துகொண்டே போயிற்று. ஒன்பதரை கிலோ. அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சு அதனுடையது. மேயர் என்று பெயர். எல்லையைத் தாண்டி ஹாலந்துக்காரர்கள்கூட அதைப் பார்க்க வந்தார்கள். பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். நான் வாரம் ஒருமுறை போவேன். ஒரு பீர் சொல்லி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கால்களை வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டிருக்கும்வரை எனக்கு நிம்மதி. ஒரு காலை நீட்டிப் படுத்தால் எழுந்து வந்துவிடுவேன். அங்கே வருகிறவர்களுக்குப் புறாப் பந்தயமும் சீட்டும்தான் தெரியும். நகத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஓடில் அந்தப் பக்கமே போவதில்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு காலை ஓடில் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கட்டு பிரிச்சாச்சு. உன் மூக்கு எவ்வளவு சிவப்புன்னு இப்பத்தான் பாக்கப்போறேன். காரை எடுத்துட்டு வா. சுல்மா கடைக்குப் போகணும்."

"எதுக்கு?"

"ஊரே பாத்தாச்சு. பொறந்த வீட்டுக்காரன் நான் பாக்க வேணாமா?"

கப்ரைக்கவுக்கு ஏழு நிமிடம். வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஓடில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மக்காச்சோளக் கதிர், வேலிக்கம்பி, ஒரு வீட்டுக் கூரையில் உடைந்த ஓடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். குறுக்கிட எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று அன்று நினைத்தேன். இடம் இருந்தது.

கடையில் ஐந்தாறு பேர். தபால்காரனாக இருந்த ஃபோன்ஸ் வழக்கமான மூலையில்.

"வாங்க, வாங்க. மேயரப் பாக்க மனு எழுதிக்கிட்டு வந்தீங்களா?" என்றான் ஃபோன்ஸ்.

"இந்த மேயராவது மனுவத் தின்பாரு. முன்ன இருந்தவரு அதுகூடச் செய்யல" என்றாள் சுல்மா.

ஓடில் சிரித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான். முயலின் முதுகில் கையை வைத்தான். சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் அளந்தான். காதை நிமிர்த்தினான். பிறகு மடியில் மல்லாத்திப் போட்டான். அந்தப் பிடியில் எந்த முயலும் திமிறாது. இடது பின்னங்காலைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். அடுத்து வலது. முன்னங்கால்கள் இரண்டும். மறுபடி இடது பின்னங்கால்.

"சுல்மா, இதுக்கு நகத்துக்கு ஏதாச்சும் சாயம் பூசுனியா?"

"எனக்கே பூச நேரமில்ல. இவருக்கு வேறயா?"

ஓடில் என்னை நிமிர்ந்து பார்த்தான். புதுக் கண். அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

"ஃபிர்மின், பதினெட்டும் கறுப்புப்பா."

நான் வாயைத் திறந்தேன். அவன் காத்திருக்கவில்லை.

"என் வேலைதான் இது. கண்ணு தெரியாதவன் அஞ்சு குட்டியில எதக் குடுத்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ காட்டின குட்டி சட்டிக்குப் போயிருக்கு. நல்லத இவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"போகட்டும். கூடப் பொறந்ததுக்கு வெள்ளை நகம். இதுக்கு உள்ளயும் இருக்கும். தாய அறுத்தது சரிதான்." அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னான்.

அப்போது சுல்மா சொன்னாள்: "நல்லவேளை வந்தீங்க, ஓடில். உங்களக் கேக்கணும்னு இருந்தேன். இவரு பெரிய மனுசனாயிட்டாரு. போறவன் வர்றவன் காலெல்லாம் நனைக்கிறாரு. வியாழக்கிழமை டாக்டர் வர்றாரு, விதையெடுக்க. செய்யலாமா?"

"ஃபோன்ஸுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லு" என்றது வேறொரு மேசை.

"எனக்கு எடுக்க என்ன மிச்சமிருக்கு?" என்றான் ஃபோன்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓடில் முயலைத் திருப்பி உட்கார வைத்தான்.

"செய்யலாம்" என்றான். "இதிலிருந்து வளக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

வளர்ப்பதற்கு எல்லாம் இருந்தது. எண் இல்லாத கடுவன் கண்காட்சிக்குத்தான் போக முடியாது. அதன் குட்டிகளுக்கு எண் குத்த ஒரு தடையும் இல்லை. என்னிடமே இரண்டு பெண் முயல்கள் இருந்தன, இனச்சேர்க்கைக்குத் தயாராக. ஓடிலின் வம்சம் அந்த பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்து உலர்ந்த ரொட்டி மென்றுகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம், தாயை அறுத்தது சரிதான் என்ற அவனுடைய ஒரே ஆறுதலையும் எடுத்துவிடும். அவனுக்காகத்தான் பேசாமலிருக்கிறேன் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் இதே போன்ற வாக்குமூலங்களை எழுதி எடுத்தவன் நான்.

புதன்கிழமை சுல்மாவுக்குத் தொலைபேசி செய்தேன். இவ்வளவு பெரிய உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது, வசந்த காலம்வரை தள்ளிப் போடலாமே என்றேன். அவள் பயந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"ஓடிலக் கேட்டுட்டேன். ஒண்ணும் ஆகாதாம், தைரியமா செய்யச் சொல்றாரு. ஃபிர்மினுக்கு அந்த முயல் மேல ஒரு பாசம், அதான் பயப்படுறான்னு சொன்னாரு."

அக்டோபர் முதல் தேதி, வியாழன், கடையின் பின்கட்டில் அறுவை நடந்தது. இருபது நிமிடம். மாலையில் போனேன். மேயர் கூடையில் சுருண்டு கிடந்தது. சுல்மா கேரட்டைத் துருவி வாயருகே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சுக்கிட்டாரு" என்றாள். "ஒரு மாசத்துக்குப் பொட்டை முயல் பக்கம் விடாதீங்கன்னாரு டாக்டர். உள்ள மிச்சம் இருக்குமாம், குட்டி தங்கிடுமாம். இந்தக் கடையில பொட்டைன்னா நான் ஒருத்திதான், என்னைய எதுக்கு எச்சரிக்கிறீங்கன்னு கேட்டேன்."

ஒரு மாதம். வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். முதல் வாரம் காயம் ஆற வேண்டும் என்று விட்டேன். இரண்டாம் வாரம் ஓடிலின் இடது கண்ணுக்கும் அறுவை. அந்த நேரத்தில் சொல்லக்கூடாது என்று விட்டேன். மூன்றாம் வாரம் ஒருநாள் என் பெண் முயல் ஒன்றைப் பெட்டியில் போட்டு, காரில் வைத்து, கப்ரைக்க சாலை முனைவரை போனேன். சுல்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்தேன். நான்காம் வாரம் மழை. அதற்கு மேல் காரணம் தேடவில்லை.

நவம்பர் 15, ஞாயிறு, ஏக்லோ கண்காட்சி. அந்த வருடமும் என் கடுவனின் கூண்டில்தான் முதலிடத்தின் நீல ரிப்பன். ஓடில் இரண்டு கண்ணாலும் பார்க்க என் காரில் வந்திருந்தான். கூண்டைத் திறந்து, அனுமதி கேட்டு, என் கடுவனைத் தூக்கி மேசையில் வைத்தான். காது, முதுகு, நகம்.

"நல்லாருக்குப்பா. நெஞ்சு இன்னும் கொஞ்சம் அகலம் வேணும். ஆனா நல்லாருக்கு" என்று கையைக் குலுக்கினான்.

கையை விடாமல் சொன்னேன். "அன்னிக்கு நான் வெள்ளை நகம் எதையும் பாக்கல, ஓடில். முதல் குட்டியத்தான் பாத்தேன். அதத்தான் சுல்மா கொண்டு போனா. அதுக்கு எல்லாம் கறுப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் கையை உருவிக்கொண்டான். பக்கத்துக் கூண்டில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை பொறுத்தான்.

"தாய்?"

"தாய்கிட்ட ஒரு கோளாறும் இல்ல."

"நீ அன்னிக்கு ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்ட."

"ஆமா."

"டாக்டர் ஒரு மாசம்னாருன்னு சுல்மா சொன்னா. அது எப்ப முடிஞ்சது?"

"நவம்பர் ஒண்ணாந் தேதியோட."

"இன்னிக்குப் பதினஞ்சு" என்றான்.

என் கடுவனை இரண்டு கையாலும், பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, முறைப்படி கூண்டுக்குள் திரும்ப வைத்தான். கொண்டியைப் போட்டான். ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். திரும்பிப் போகப் பேருந்தைப் பிடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் சங்கச் செயலாளருக்கு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 86ஆம் ஆண்டுக் கோப்பையையும் ஊசி இடுக்கியையும் மைப் புட்டியையும் சேர்த்து அனுப்பினேன். ஜனவரிக் கூட்டத்தில் எண் குத்தும் பொறுப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்டது. 86ஆம் ஆண்டின் முதலிடம் பதிவேட்டில் காலியாக விடப்பட்டது. ஓடில் கூட்டத்துக்கு வரவில்லை. அவனுடைய பன்னிரண்டு கூண்டுகளையும் பிப்ரவரியில் மால்டெகெம் ஊர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.