நிறைந்த தொட்டியும் சிவப்பு விளக்கும்

எங்கள் பேட்டரிக் கடையில் முதலாளியைவிட அந்தக் காபி மெஷினுக்குத்தான் மரியாதை அதிகம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கப் தரும் சின்ன மெஷின். ஆனால் முதலாளியின் மாப்பிள்ளை வாங்கித் தந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்!

இன்று காலை அது காபி தரவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இல்லை என்று சிவப்பு விளக்கு மின்னுகிறது. முதலாளி நேரே கடை பெருக்கும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து தொடைச்சது நீதானே? நாலு மணிக்கு மாப்பிள்ளை வர்றாரு. அதுக்குள்ள ஓடலேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். துடைத்தால் மெஷின் கெடுமா?

தொட்டியைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினேன். ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். காபி இறங்கும் ஊசித் துளையில் தூள் அடைத்திருக்குமோ என்று குண்டூசியால் குத்தினேன். கல்லுளிமங்கன் மசியவில்லை.

மெல்லக் கோபம் போய் ஆர்வம் பிடித்துக்கொண்டது. கண்ணில்லாத இதற்குத் தண்ணீர் இருப்பது எப்படித் தெரிகிறது? தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள். பேட்டரிக்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

"இதுலேர்ந்து அதுக்குத் தண்ணி வழியா கரண்ட் போகுதுக்கா. போனா தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

துடைப்பத்தோடு நின்ற அக்கா கேட்டார்: "கரண்ட் போகாத தண்ணியும் உண்டா?"

"இருக்கே. பேட்டரிக்கு ஊத்தறோமே டிஸ்டில்டு வாட்டர், அதுல உப்பே..."

சட்டென்று தொட்டியைப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மெஷினில் உப்புப் படியுமே என்று, நேற்று சாயங்காலம் அக்கறையாகப் பேட்டரித் தண்ணீரை நிரப்பியது நான்தான். சுத்தமான தண்ணீரில் கரண்ட் சரியாகப் போகாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பதும் நான்தான்.

கொட்டிவிட்டுக் குழாயில் பிடித்து வைத்தேன். விளக்கு பச்சையானது.

முதலாளி ஓடி வந்தார். "சபாஷ்! அவ கெடுத்ததை நீ சரி பண்ணிட்டியே!"

"அவங்க கெடுக்கல. கெடுத்தது நான்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்தார், மெஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்ட உளறித் தொலைக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் கப்பை அக்காவிடம் நீட்டினேன். "மன்னிச்சிருங்கக்கா."

"நேத்தே பாத்தேன், நீ அதுல என்னமோ ஊத்தினதை."

"அப்போ ஏன் சொல்லல?"

"எனக்குப் பெருக்க இன்னும் ரெண்டு கடை இருக்கு தம்பி. உனக்கு இது ஒண்ணுதானே."

அவர் அந்தக் காபியைக் குடித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.